கடலோரச் சபையில் ஊரைக் கூப்பிட்டு ஒரு காரியம் நடத்த: புதிதாக வருபவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கலாம். உபதேசியாராக வந்திருக்கலாம், பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து வந்திருக்கலாம், கல்யாணமாகி வந்த மருமகளாகவும் இருக்கலாம். வந்து நாலைந்து ஞாயிறு ஆனதும் யாராவது ஒருவர், "இந்த வருஷம் ஒரு கண் முகாம் போடலாமே, நீங்க பொறுப்பெடுத்துக்கோங்க" என்பார். எங்கிருந்து தொடங்குவது என்று அப்போது உங்களுக்குத் தெரிய வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கணக்கும் சமையலும் பார்த்த பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் நாம் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கரையில் பெரிய கிறிஸ்தவக் கோயில்கள் பெரும்பாலும் கத்தோலிக்கருடையவை. அந்தோணியார், மாதா, ஓரியூரில் 1693-இல் உயிர்கொடுத்த அருளானந்தர் என்று கடற்கரை முழுக்க அவர்கள் பெயர்தான். நம்முடையது எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷன் வழியாக வந்த ஆங்கிலிக்கன் சபை. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அமெரிக்கன் மிஷன் வழிவந்த மதுரைச் சபைகளும் நாமும் ஒரே பேராயரின் கீழ் ஒரே திருமண்டலமானோம். அதனால்தான் மதுரையிலிருந்து வருபவர்களுக்கு நம் ஜெப புத்தக முறையும் பண்டிகை நாட்களும் கொஞ்சம் புதிதாகத் தெரியும். ராமநாதபுரத்தில் அப்துல் கலாம் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளி நம் சபையின் பள்ளிதான். ஊருக்கு நம்மைப் பற்றி இருக்கும் நல்ல எண்ணத்தில் பாதி இப்படிப் பள்ளிக்கூடங்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

ஆனால் நீங்கள் வந்திருக்கும் சபையில் இருபது, முப்பது குடும்பம் இருக்கும். சுற்றிலும் இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர். நம் வீடுகளை மட்டும் நம்பி ஒரு பந்தல்கூடப் போட முடியாது. அக்கம்பக்கம் கை கொடுத்தால்தான் எதுவும் நடக்கும்.

முதல் மூன்று மாதம் நடந்து பழகுங்கள்

அதுவரை எந்த நிகழ்ச்சியும் அறிவிக்காதீர்கள். போய் வாருங்கள், அது போதும்.

குருவானவரிடம் (சபைப் போதகரிடம்) சொல்லிவிட்டு, சபையில் மூத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஊர்த் தலைவர், ஜமாஅத் தலைவர், கத்தோலிக்கப் பங்குத்தந்தை, மீனவர் சங்கத் தலைவர் நாலு பேரையும் பாருங்கள். கேட்க ஒன்றும் இல்லாதபோதே பார்க்க வேண்டும். முதல் தடவையே கையில் நோட்டீஸோடு போனால், வேலை இருந்தால்தான் இவர்கள் வருவார்கள் என்று மனதில் பதிந்துவிடும். அப்புறம் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி டீச்சர், வி.ஏ.ஓ. எந்த வீட்டில் கண் தெரியாத கிழவி இருக்கிறாள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது என்று செவிலியருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் தெரிவதில் பாதிகூட நம் கமிட்டிக்குத் தெரியாது.

வீடுகளுக்கு எப்போது போகலாம் என்பதும் இருக்கிறது. மீன் விற்கும் பெண்களைக் காலையில் வீட்டில் பார்க்க முடியாது. பனை ஏறும் வீட்டில் அவர் விடியலிலும் சாயங்காலமும் மரத்தில் இருப்பார், நடுப்பகலில் அந்த அம்மா பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பார். பொதுவாக நாலு மணிக்கு மேல் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஒரு குடம் கிடைக்க எவ்வளவு நேரம் குழாயடியில் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, அந்தத் தம்ளரை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது.

துக்க வீட்டுக்குக் கண்டிப்பாகப் போங்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள். அழைப்பு வந்தால் முளைப்பாரித் திருவிழாவுக்கும், சந்தனக்கூட்டுக்கும், அந்தோணியார் தேருக்கும் போய் நில்லுங்கள். அங்கே கொடுப்பதைச் சாப்பிடலாமா என்று புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சாமிக்குப் படைத்ததை வாங்குவது பற்றி உங்கள் மனச்சாட்சியையும் குருவானவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் இலை போட்டுக் கூப்பிட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நம் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அவர்கள் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் அல்லவா?

பிறகு நாட்காட்டி எழுதுங்கள்

நாங்கள் முதன்முதலில் வைத்த கண் முகாமை அமாவாசை கழித்து இரண்டாம் நாள் வைத்துவிட்டோம். பந்தல், நாற்காலி, டாக்டர் எல்லாம் தயார். பெண்கள் யாரும் வரவில்லை. பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில்தான் கடலில் இறங்குவார்கள் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. முக்குளித்து முக்குளித்துக் கண் சிவந்துபோன அந்தப் பெண்களுக்காகத்தான் முகாமே. அன்று சாயங்காலம் கூடையோடு திரும்பி வந்தவர்கள், "அக்கா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்கள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, நம் பண்டிகைகளைக் குறிப்பதற்கு முன்னால் ஊரின் வேலை நாட்களைக் குறியுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. அந்த நாட்களில் காணிக்கை கேட்கும் நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். முகாம், பயிற்சி, பிள்ளைகள் வகுப்பு, நிவாரணத் தொகைக்கும் நலவாரிய அட்டைக்கும் மனு எழுதிக் கொடுப்பது போன்றவற்றுக்கு அதுதான் நல்ல நேரம். நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். தடைக்காலம் என்றதும் எல்லோரும் சும்மா இருப்பார்கள் என்று நினைத்துவிடுவோம்.

ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துக் கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை கரைக்கு வரும். அதாவது நாம் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் மீன் இறங்கிக்கொண்டிருக்கும். ஞாயிறு காலை ஆராதனை முடிந்த கையோடு ஊர்க்கூட்டம் வைத்தால் கடல் வேலை பார்ப்பவர்கள் வர முடியாது. உங்கள் ஊரில் என்ன முறை என்று மீனவர் சங்கத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காற்றையும் குறியுங்கள். வாடை அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வடக்குக் கடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தெற்குக் கடல் (மன்னார் வளைகுடா) அமைதியாக இருக்கும். மேல்காற்றான கச்சானும் தென்காற்றான சோழகமும் அடிக்கும் மாதங்களில் இது மாறும். கரைவலை இழுக்கும் குடும்பங்கள் காற்றுக்குத் தகுந்தபடி கரை மாறிக் குடியிருப்பதும் உண்டு. போன மாதம் பார்த்த வீடு இந்த மாதம் பூட்டியிருந்தால் பயப்பட வேண்டாம்.

பதநீர் இறக்குவது மாசி, பங்குனியில் தொடங்கும். நெல் அறுவடை தை, மாசி. அதை ஒட்டி முண்டு மிளகாய் பறிப்பு வரும், அப்போது காட்டில் ஆள் இருக்கும், வீட்டில் இருக்காது. ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் பத்து, பதினொரு நாள் முன்னால் நகரும், அதனால் வருஷா வருஷம் புதிதாகப் பாருங்கள். நோன்பு மாதத்தில் பகல் விருந்து வேண்டாம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை வரை ஐயப்ப மாலை போட்டவர்கள் இருப்பார்கள், அவர்கள் கறி சமைத்த பந்தியில் உட்கார மாட்டார்கள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு. அந்த மாதம் மைக் கட்டுவதே வேண்டாம்.

இத்தனையும் குறித்த பிறகு தாளில் எஞ்சுகிற வெள்ளை இடம்தான் உங்களுக்கான நாள். ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். வருஷத்துக்கு மூன்று காரியம் ஒழுங்காகச் செய்தாலே போதும் என்பது என் கருத்து.

பணமும் அனுமதியும்

எதைச் செய்வதானாலும் சேகர கமிட்டியில் (குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் கமிட்டியில்) தீர்மானம் எழுதி, குருவானவர் கையெழுத்து வாங்குங்கள். தனி நோட்டு, ரசீது புத்தகம், இரண்டு பேர் கையில் கணக்கு. வெளிநாட்டுக்காரர்களோ வெளிநாட்டு அமைப்புகளோ கொடுக்கும் பணத்தை உரிய பதிவு இல்லாத சபைக் கணக்கில் வாங்கக் கூடாது. அப்படி யாராவது கொடுக்க முன்வந்தால் திருமண்டல அலுவலகத்தைக் கேளுங்கள். மைக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பாங்கு சொல்லும்போது நம் மைக்கை நிறுத்திவிடுங்கள், யாரும் கேட்காமலேயே.

சிறு செலவுக்கு எங்கள் சங்கத்தில் கைப்பிடி அரிசி உண்டு. ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்போம், மாதக் கடைசியில் வீடு வீடாகச் சேர்ப்போம். ஒரு பங்கு ஆதரவில்லாத வீட்டுக்குப் போகும், மீதி விற்றுப் பணமாகும். இப்போது சில வீடுகளில் ரேஷன் அரிசிதான் வருகிறது. அதனால் என்ன, அவர்கள் உண்பதில் ஒரு பிடி அது.

கண் முகாம்: படிப்படியாக

முதல் நிகழ்ச்சியாக இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். உப்பளத்திலும் கடலிலும் பனை உச்சியிலும் வெயிலைப் பார்த்தே வாழும் சனம் இது. கண்புரையும், கண்ணில் சதை வளர்வதும் இங்கே அதிகம் கண்ணில் படும். ஊசி போட்டால் தீர்கிற வியாதி இல்லை, ஆனால் ஒரு சின்ன அறுவையில் ஒரு மனுஷிக்கு மறுபடி பேரன் முகம் தெரிகிறது.

மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இத்தகைய கிராம முகாம்களுக்குப் பேர்போனது. இடம், விளம்பரம், ஊழியர்களுக்குச் சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு. மருத்துவர்களும் கருவிகளும் அவர்களுடையது. அறுவை தேவைப்படுவோரை அன்றைக்கே பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய், இலவசமாகச் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அவர்களுடைய முகாம் பிரிவுக்குக் குறைந்தது இரண்டு, மூன்று மாதம் முன்னால் கடிதம் எழுதுங்கள். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் அனுமதி பற்றியும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இடத்துக்குப் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள். கோயில் வளாகம் வேண்டாம். வளாகத்தில் இடம் இருக்கிறதே என்று கமிட்டியில் பேச்சு வரும், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். ஆனால் ஒரு முஸ்லிம் பாட்டி, ஒரு கோனார் வீட்டுத் தாத்தா தயங்காமல் ஏறி வரும் படிக்கட்டு பள்ளிக்கூடப் படிக்கட்டுதான். பார்வை அட்டையை வைத்துச் சோதிக்க 6 மீட்டர் நீளம் வேண்டும், ஓர் இருட்டான அறை வேண்டும், மின்சாரம் வேண்டும். பெண்கள் உட்கார நிழலும், பக்கத்தில் பூட்டிக் கிடக்காத கழிப்பறையும் வேண்டும். இந்தக் கழிப்பறையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நோட்டீஸும் ஆட்டோ மைக்கும் பாதி வேலைதான் செய்யும். முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் தெருவுக்கு இரண்டு பெண்களாக வீடு வீடாகப் போங்கள். கண் மங்கலான பெரியவர் பெயரை நோட்டில் எழுதி, அவரை யார் கூட்டிவருவது என்பதையும் எதிரே எழுதுங்கள். மகன் கடலுக்குப் போயிருந்தால் நம் வாலிபர் சங்கத்துப் பையன் பைக்கில் கூட்டிவரட்டும். வரும்போது ஆதார் நகல், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரைகள், இரண்டு மாற்றுத்துணி, வீட்டு ஆள் ஒருவரின் போன் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு நான்கும் கையில் இருக்க வேண்டும். துணி கொண்டுவராததால் பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி, அதோடு வராமலே போனவர்கள் உண்டு.

மதுரைக்குப் போகிறவர்களுடன் நம் ஆள் ஒருவர் கண்டிப்பாகப் போகட்டும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பழகாத கட்டிடத்தில், கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஒருவருக்கு ஊர்க் குரல் கேட்பது பெரிய ஆறுதல். திரும்பி வந்தபின் தலைக்கு ஊற்றக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது, கடலில் இறங்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லி, சொட்டு மருந்து போடத் தெரிகிறதா என்று ஒரு வாரம் போய்ப் பாருங்கள். மறுபரிசோதனைத் தேதியைச் சுவரில் கரியால் எழுதிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. முகாமில் துண்டுப்பிரதி கொடுக்காதீர்கள், பிரசங்கம் வைக்காதீர்கள். தொடங்கும்போது குருவானவர் இரண்டு நிமிடம் ஜெபிப்பதை இந்த ஊரில் யாரும் தப்பாக நினைத்ததில்லை. அதற்கு மேல் வேண்டாம். கண் தெரியாமல் வந்து நிற்கும் ஒருவரைக் காக்கவைத்து நம் விசுவாசத்தைக் கேட்கச் சொல்வது சரியில்லை. "உங்க கோயில்ல ஏன் இதெல்லாம் செய்றீங்க?" என்று அவர்களே கேட்கும் நாள் வரும். அன்று திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள்.

கோடை வகுப்பு

ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவோம். சபைப் பிள்ளைகளுக்குக் காலை ஏழரை முதல் பதினொன்று வரை. அதற்குமேல் வெயில் தாங்காது. மற்ற வீட்டுப் பிள்ளைகளும் வர ஆசைப்படும். பாட்டும் பொம்மலாட்டமும் எந்தப் பிள்ளையைத்தான் இழுக்காது? அவர்களுக்கென்று சாயங்காலம் வாசிப்பு, கணக்கு, படம் வரைதல் எனத் தனி வகுப்பு வைக்கிறோம், அதில் வேதபாடம் கிடையாது. காலை வகுப்புக்கு வேற்றுமதப் பிள்ளை வர விரும்பினால், என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்று தாய் தகப்பனிடம் நேரில் விளக்கி, சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்குகிறோம். பிள்ளை மட்டும் வந்து சொன்னால் போதாது.

தடைக்காலத்தில் சும்மா இருக்கும் அப்பாக்களைக் கூப்பிட்டு வலை பின்னவும் முடிச்சுப் போடவும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டிகள் ஓலைக் கொட்டான் முடையக் கற்றுக்கொடுப்பார்கள். பத்தாம் வகுப்புக்குமேல் போகாத ஒரு தகப்பன் பிள்ளைகள் நடுவில் வாத்தியாராக நிற்பதைப் பார்க்க வேண்டும், அந்த முகமே வேறு.

பிள்ளைகள் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். எந்த அறையிலும் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். வருகைப் பதிவு, யார் கூட்டிப்போகிறார் என்ற குறிப்பு, சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண். கடலில் குளிக்கக் கூட்டிப்போகவே கூடாது, கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்று யார் சொன்னாலும் சரி.

அறுப்பின் பண்டிகையும் அசனமும்

ஊரே நம் வாசலுக்கு வரும் நாள் இதுதான். தேதி வைக்கும்போது, லெந்து என்ற தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனைப் பாருங்கள். நெல் அறுத்து முடிவதற்கும் லெந்து தொடங்குவதற்கும் நடுவில் சில வருஷம் இரண்டு வாரம்கூடக் கிடைக்காது. லெந்து நாட்களில் கறிச்சோற்று அசனம் பொருந்தாது, முடியாவிட்டால் ஈஸ்டர் கழித்து வைக்கலாம்.

காணிக்கையாக நெல், முண்டு மிளகாய், கருப்பட்டி, பனங்கிழங்கு, தேங்காய், கருவாடு, கோழி, ஆடு எல்லாம் வரும். ஆராதனை முடிந்து ஏலம். ஏலத்தில் அக்கம்பக்கத்தாரும் ஆசையாகக் கலந்துகொள்வார்கள். ஏலம் கூறுபவர் சூடேற்றிச் சூடேற்றி விலையை உயர்த்துவதைக் கட்டுப்படுத்துங்கள். ஒரு வருஷம் எங்கள் சபையில் ஓர் அண்ணன் வீம்புக்கு ஓர் ஆட்டைப் பெரிய தொகைக்கு எடுத்துவிட்டு, கட்ட முடியாமல், வெட்கப்பட்டு எட்டு மாதம் கோயிலுக்கே வரவில்லை. ஆண்டவருக்குக் கொடுத்த ஆடு ஒரு குடும்பத்தை வெளியே தள்ளிவிட்டது. அதிலிருந்து, மூன்று தடவை கூறியதும் முடித்துவிடுவோம். விலை தாண்டிப் போகிறது என்று தோன்றினால் குருவானவரே நிறுத்தி விடுவார். பாக்கி வைத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பதும் இல்லை.

இனி சமையல். 300 பேருக்கு எங்கள் கணக்கு இது: அரிசி 40 கிலோ, ஆட்டுக்கறி 30 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 10 கிலோ. தண்ணீருக்கு ஆளுக்கு 5 லிட்டர் வீதம் 1,500 லிட்டர் முதல்நாளே தொட்டியில் நிற்க வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் அன்றைக்கு வரும் என்று நம்பி உலை ஏற்றாதீர்கள். வாழையிலை கிடைக்காவிட்டால் தாமரை இலை, மந்தார இலை எதுவானாலும் சரி, பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். காற்று அடித்தால் அத்தனையும் கடலுக்குத்தான் போகும்.

ஆட்டை ஊர்க் கறிக்கடை பாயிடம் கொடுத்து அவர்கள் முறைப்படி அறுக்கச் சொல்லுங்கள். நமக்கு இதில் இழப்பு ஒன்றும் இல்லை, முஸ்லிம் வீட்டார் நிம்மதியாகக் கை நனைப்பார்கள். கறி சாப்பிடாதவர்களுக்குச் சாம்பார், கூட்டு, ரசம் தனி அடுப்பில், தனி அண்டாவில், தனிக் கரண்டியில். அந்த அடுப்பைக் கறி தின்னாத ஒரு வீட்டு அம்மாவிடமே ஒப்படைத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

பந்தியைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரே பந்தி, ஒரே இலை, ஒரே நேரம். முதல் பந்தியில் கமிட்டிக்காரர்களும் பெரிய வீடுகளும், கடைசிப் பந்தியில் காலனித் தெரு என்று எங்காவது வழக்கம் இருந்தால், அங்கே அசனம் நடத்தாமல் இருப்பதே மேல். ஒரு தெருவுக்கு மட்டும் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவதும் அதே தப்புதான், படுக்கையில் இருப்பவர்களுக்குத் தவிர. பரிமாறும் ஆட்களை எல்லாத் தெருவிலிருந்தும் எடுங்கள், சோறு ஒரு தெருக்காரர் கையிலும் குழம்பு இன்னொரு தெருக்காரர் கையிலும் இருக்கட்டும். புதிதாக வந்த நீங்கள் இதைச் சொன்னால் முணுமுணுப்பு வரும். குருவானவரை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் இருக்காதீர்கள். திருவிருந்தில் ஒரே அப்பத்திலும் ஒரே பாத்திரத்திலும் பங்கு வாங்கிவிட்டு வெளியே வந்து வேறு வேறு பந்தியா?

கேரல்

டிசம்பரில் கேரல் போகும் வீடுகளின் பட்டியலை முன்பே எடுங்கள். துக்கம் நடந்த வீடு, நோயாளி இருக்கும் வீடு, இலங்கைச் சிறையில் ஆள் இருக்கும் வீடு என்று குறித்துக்கொண்டு, அந்த வாசல்களில் டிரம் அடிக்காமல், கிறிஸ்மஸ் தாத்தா ஆட்டம் இல்லாமல், உள்ளே போய் உட்கார்ந்து ஒரு கீர்த்தனை மட்டும் மெதுவாகப் பாடி ஜெபித்து வாருங்கள். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22, 23-இல். பாம்பன், ராமேசுவரம் பக்கத்து மூத்தவர்களுக்கு அந்த வாரத்தில் வாடை அடித்தால் பழையது எல்லாம் திரும்பி வரும். அவர்கள் பேச ஆரம்பித்தால் அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று எழுந்திருக்காதீர்கள்.

புதுச் சினிமா மெட்டுகளை விட, வேதநாயக சாஸ்திரியார் காலத்துக் கீர்த்தனைகள் குறைந்தது இரண்டு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். பாட்டிகள் கூடச் சேர்ந்து பாடுவது அவற்றைத்தான். மற்ற மதத்தார் கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாத வாசலில் பாட வேண்டாம்.

புயல் வந்தால்

இது நிகழ்ச்சி இல்லைதான், ஆனால் ஊர் உங்களை நினைவில் வைப்பது இதில்தான். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கோயில் சாவியும் பள்ளிக்கூடச் சாவியும் யார் கையில் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். மூடி போட்ட பெரிய டிரம்களில் தண்ணீர், மண்ணெண்ணெய் அல்லது பேட்டரி விளக்கு, பால்மாவு, பாய்கள், மாதவிடாய் அணையாடைகள். கர்ப்பிணிகளின் பெயர்ப் பட்டியலைச் செவிலியரிடம் வாங்கி வையுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077, கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554. மூன்றையும் கோயில் கதவில் பெரிதாக எழுதுங்கள்.

மறுநாள் வேலை

எந்த நிகழ்ச்சியானாலும் அடுத்த ஞாயிறே வரவு செலவை வாசித்து, கோயில் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஐந்து ரூபாய் குறைந்தாலும் குறைந்தது என்றே எழுதுங்கள். அந்த வாரத்துக்குள் ஊர்த் தலைவர், ஜமாஅத், பங்குத்தந்தை, மீனவர் சங்கம், பள்ளித் தலைமையாசிரியர் எல்லோரையும் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

பாத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. அண்டா, தேக்சா, வாளி, கரண்டி எல்லாம் பத்து வீட்டிலிருந்து வந்திருக்கும், அடியில் பெயர் வெட்டியிருக்கும். பையன்களிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே எடுத்துப்போங்கள். நன்றாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, எந்த வீட்டுப் பாத்திரம் என்று பார்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். வெறும் பாத்திரமாகக் கொடுக்காதீர்கள். ஏலத்தில் எடுத்த கருப்பட்டியில் ஒரு வட்டை உள்ளே போட்டுக் கொடுங்கள்.